தோற்றவர் பக்கத்தில் ஒரு காதல்

(வெள்ளவத்தையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாமுராய் காலத்துக் காதல் கதை ஒன்றைக் கணினியில் 'விளையாடுவது' பற்றிப் பேசப்போகிறேன் என்று கூட்டத் தலைவர் அறிவித்ததும், முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய சந்தேகம் நியாயமானது. இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களை விளையாட்டுக் கடைக்குள் கூட்டிப்போகிறாளோ என்று நினைத்திருப்பார்கள். பேச்சு முடியும்வரை அந்தச் சந்தேகத்தைக் கைவிடவேண்டாம். எனக்கும் அது பயன்படும்.

கொட்டாஞ்சேனையில் நான் தமிழ் படிப்பித்த பிள்ளைகளில் பலர் இன்று கல்கியைத் தொடுவதில்லை. ஆனால் ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவின் தெருப்பெயர்கள் அவர்களுக்குத் தெரியும். 1864 ஆம் ஆண்டு அங்கே எந்தச் சத்திரத்தில் வாள்சண்டை நடந்தது, அதில் யார் இரத்தம் கக்கி விழுந்ததாகக் கதை சொல்கிறது என்பதெல்லாம் தெரியும். "எங்கேயடி படிச்சாய்?" என்று என் பெறாமகளிடம் கேட்டேன். தன் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். 'ஹகுவோகி' என்ற படைப்பு எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

ஜப்பானைப் பற்றிக் கொழும்புக்கு ஏற்கெனவே சில நினைவுகள் உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, இந்த நகரத்தின் மேல் குண்டு போட்ட விமானங்கள் ஜப்பானுடையவை. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வாழ்ந்தவர்கள் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டு ஓடிய கதை எங்கள் தாத்தா பாட்டிமாருடையது. நாற்பது வருடம் கழித்து, 1982 இல், ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு அதே ரூபவாஹினியில் ஜப்பானியத் தொடர் நாயகி 'ஒஷின்' சிங்களத்தில் பேசினாள். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த தமிழ் வீடுகளிலும் அவளுக்காக அழுதோம். குண்டு, தொலைக்காட்சி, கண்ணீர் என்று வந்த ஜப்பான், இந்தத் தலைமுறைக்குப் போனிலும் மடிக்கணினியிலும் வந்திருக்கிறது. வந்திருப்பது என்ன என்று பார்ப்போம்.

இதை 'விசுவல் நாவல்' என்கிறார்கள். திரையில் ஓர் ஓவியப் பின்னணி இருக்கும்: கோயில் முற்றம், பனி விழும் பாலம், விளக்கெரியும் கூடம். அதன்முன் ஒருவர் நிற்பார். அவர் நடக்கமாட்டார், ஓடமாட்டார். முகபாவம் மட்டும் மாறும். கீழே ஒரு கட்டத்துக்குள் உரை வரும். நீங்கள் ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த வரி. பாத்திரங்களுக்கு நடிகர்கள் குரல் கொடுத்திருப்பார்கள். இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சானா சண்முகநாதன் காலத்தையும் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலிபரப்பான நாட்களையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்த அனுபவம் அந்நியமாக இராது. குரல் பாதி வேலையைச் செய்யும். மீதியை நம் மனம் செய்யும். படம் அசையாமல் நிற்பதே அதற்கு வசதி.

பிறகு ஓர் இடத்தில் உரை நின்றுவிடும். இரண்டோ மூன்றோ வழிகள் திரையில் தோன்றும். 'அவரைப் பின்தொடர்வேன்', 'இங்கேயே காத்திருப்பேன்' என்பதுபோல. எதைத் தொடுகிறீர்களோ அதற்கேற்ப ஒருவருடைய மனம் உங்கள் பக்கம் சாயும், அல்லது சாயாது. கதை போகப்போகக் கிளைகள் பிரியும். 'ஹகுவோகி'யின் ஆறு ஆண்களில் யாரோடு உங்கள் கதை முடியும் என்பது அந்தச் சிறு தெரிவுகளின் கூட்டுத்தொகை. ஒரு கதையை முடித்துவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, வேறு தெரிவு செய்து, வேறொருவரோடு வாழ்ந்து பார்க்கலாம். ரமணிசந்திரன் நாவலில் நாயகன் யார் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார். நாங்கள் பக்கத்தைத் திருப்புவோம். இங்கே பக்கத்தைத் திருப்பும் விரல் நாயகனையும் தேர்கிறது.

பெண்களுக்கென்று இப்படிப்பட்ட படைப்புகள் உருவானதற்கு ஒரு தொடக்கம் உண்டு. 1994 இல் கோயெய் என்ற ஜப்பானிய நிறுவனத்தில் ரூபி பார்ட்டி என்ற குழு 'ஏஞ்சலிக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. பெண்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட முதல் காதல் விளையாட்டு என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள். வீடியோ கேம் என்றால் பையன்களின் பொழுதுபோக்கு என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வழியில் வந்த பலவற்றில் ஒன்று 'ஹகுவோகி'. ஐடியா ஃபேக்டரி நிறுவனத்தின் ஓட்டோமேட் பிரிவு 2008 செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 2 க்காக வெளியிட்டது. 2010 இல் தொலைக்காட்சித் தொடரானது. 2012 இல் ஆங்கிலத்துக்கு வந்தது. நம் பிள்ளைகள் வாசிப்பது அந்த ஆங்கில வடிவத்தின் வாரிசுகளை.

கதை இது. யுகிமுரா சிசுரு என்ற பெண், காணாமற்போன தன் தகப்பனைத் தேடிக் கியோத்தோவுக்கு வருகிறாள். தகப்பன் மேலைநாட்டு மருத்துவம் படித்த வைத்தியர். தனியே பயணம் செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்பதால் ஆண் வேடம் பூண்டிருக்கிறாள். வந்த இரவே தெருவில் ஒரு கொலையைக் காண்கிறாள். கண்டதால் ஷின்செங்குமி என்ற வாள்படையினர் அவளைப் பிடித்துப்போய் அடைத்துவைக்கிறார்கள். அவர்களும் அதே தகப்பனைத்தான் தேடுகிறார்கள் என்று தெரியவருகிறது. சிறைப்பட்டவள் மெல்ல அந்த வீட்டின் ஒருத்தி ஆகிறாள்.

ஷின்செங்குமி கற்பனை அல்ல. 1863 இல் உருவான படை அது. அதற்குப் பத்து வருடம் முன்னர், 1853 இல், அமெரிக்கத் தளபதி பெரியின் கறுப்புக் கப்பல்கள் ஜப்பானின் கரைக்கு வந்தன. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் கதவைச் சாத்தி வைத்திருந்த தோக்குகவா ஷோகன்களின் ஆட்சி ஆட்டம்கண்டது. அந்நியரைத் துரத்து, சக்கரவர்த்தியைப் போற்று என்று முழங்கியவர்கள் கியோத்தோவில் நிறைந்தார்கள். கொலைகள் மலிந்தன. நகரைக் காக்கும் பொறுப்பு அய்சு நாட்டுப் பிரபு மத்சுதைரா கதமோரிக்கு வந்தது. அவருடைய நிழலில் இயங்கிய காவல்படைதான் ஷின்செங்குமி. இளநீல மேலங்கியின் கைவிளிம்பில் வெள்ளை மலைமுகடுகள், கொடியில் 'வாய்மை' என்று ஒற்றை எழுத்து.

இந்தப் படையின் தலைவர் கொந்தோ இசாமி. அவர் பிறவிச் சாமுராய் அல்லர். எதோ (இன்றைய டோக்கியோ) நகருக்கு மேற்கே தாமா பகுதியில் விவசாயி வீட்டுப் பிள்ளை. துணைத்தலைவர் ஹிஜிகதா தொஷிஸோவும் அதே மண், அதே குலம். சாமுராய் யுகத்தின் கடைசிக் காவலர்களாக நின்றவர்கள் சாமுராயாகப் பிறக்காதவர்கள். 1867 இல்தான், ஆட்சியே சரிந்துகொண்டிருந்த கடைசி மாதங்களில், அவர்களுக்கு ஷோகனின் நேரடிப் படைவீரர் என்ற தகுதி கிடைத்தது. வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட வீட்டுக்குள் நுழையும்போது கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு நடந்தது மளமளவென்ற தோல்வி. 1868 ஜனவரியில் தோபா-ஃபுஷிமிப் போரில் ஷோகன் படை தோற்றது. கொந்தோ பிடிபட்டார். வயிற்றைக் கிழித்து இறக்கும் சாமுராய் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. சாதாரணக் குற்றவாளியாகத் தலை வெட்டப்பட்டு, தலை கியோத்தோவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வாள்வித்தையில் நிகரற்றவர் எனப்பட்ட ஒகிதா சோஜி அதே வருடம் காசநோயில் இறந்தார். அய்சுக் கோட்டை விழுந்தது. அதற்கு முன்பே, கோட்டை எரிகிறது என்று தவறாக நினைத்த பதின்ம வயதுப் பையன்கள் இருபது பேர் ஈமோரி மலையில் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ள முனைந்தார்கள். ஒருவன்தான் பிழைத்தான். ஹிஜிகதா வடக்கே, மேலும் வடக்கே என்று ஒதுங்கி, இன்று ஹொக்கைதோ என்று அழைக்கப்படும் தீவின் ஹக்கோததே நகர்வரை போனார். 1869 ஜூனில் அங்கே குண்டடிபட்டு இறந்தார். இறப்பதற்கு முன் தன் புகைப்படத்தையும் ஒரு கற்றை முடியையும் இச்சிமுரா தெத்சுனொசுகே என்ற சிறுவனிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். தலைமுடி வெட்டி, மேலைநாட்டுக் கோட்டணிந்து அமர்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பார்த்தால் பிள்ளைகள் ஏன் இப்படிக் கிறங்குகிறார்கள் என்று விளங்கும்.

சபையோரே, இந்த இடத்தில்தான் நான் இன்று சொல்லவந்த விஷயம் இருக்கிறது. 'ஹகுவோகி'யில் ஆறு நாயகர்களில் யாரைத் தேர்ந்தாலும் போரில் தோற்கத்தான் வேண்டும். தோபா-ஃபுஷிமியில் வெல்லும் கிளை இல்லை. கொந்தோவைக் காப்பாற்றும் பொத்தான் இல்லை. எத்தனை முறை திரும்பிப் போய் எந்தத் தெரிவை மாற்றினாலும் அய்சு விழும். ஜப்பானிய வாசகிக்கு இது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த முடிவு. தெரிந்துகொண்டேதான் அந்த ஆண்களில் ஒருவரைத் தேர்கிறாள். யாருக்குப் பக்கத்தில் நின்று இந்தத் தோல்வியைப் பார்க்கப்போகிறாய் என்ற ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் கேட்கப்படுகிறது.

விளையாட்டு என்றால் வெல்வது என்று பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுவே அதன் கண்ணியமாகப்பட்டது. வரலாற்றின் பெரிய கதவுகள் எல்லாம் பூட்டப்பட்டிருக்கின்றன; சின்னஞ்சிறு ஜன்னல்கள் மட்டும் திறக்கின்றன. அந்த ஜன்னல்களை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்.

ஹரதா சனொசுகே என்ற ஈட்டிவீரர் 1868 இல் உவேனோப் போரில் பட்ட காயத்தால் இறந்தார் என்பது பதிவு. ஆனால் அவர் சாகவில்லை, கடல்கடந்து மஞ்சூரியாவுக்குப் போய்க் குதிரைக் கொள்ளையர் தலைவனானார் என்று ஒரு நாட்டார் கதை உண்டு. ஹரதாவைத் தேர்ந்தால் அவரும் சிசுருவும் கப்பலேறிக் கண்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஹிஜிகதா இறந்தது நிச்சயம். எங்கே புதைத்தார்கள் என்பது உறுதியில்லை. அந்தக் காலியிடத்தில் கதை ஒரு வீட்டைக் கட்டுகிறது: உலகத்துக்கு இறந்துபோனவராக, வடக்கில் ஒளிந்து வாழும் ஒருவர். சைத்தோ ஹஜிமே உண்மையிலேயே பிழைத்தவர். தோற்ற அய்சு மக்களோடு வடகோடியின் தோனாமி என்ற குளிர்ப் பிரதேசத்துக்கு இடம்பெயர்ந்தார். பெயரை மாற்றிக்கொண்டு, பின்னர் டோக்கியோவில் பொலிஸ் உத்தியோகம் பார்த்து, 1915 வரை வாழ்ந்தார். விளையாட்டில் அவருடைய கதை முடிவதும் அந்தத் தோனாமியில்தான். பதிவு பேசும் இடத்தில் கதை அடங்கி நிற்கிறது. பதிவு மௌனமாகும் இடத்தில் வாய் திறக்கிறது.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுகிறதா? செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஐந்து பாகங்களாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே பார்த்திருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் என்று ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயரில் இருந்து ஒரு குதிரையையும் ஒரு குறும்புச் சிரிப்பையும் இலங்கைப் பயணத்தையும் கல்கி எடுத்தார். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லப்படாத 'ஏன்' இல்லாவிட்டால் 'பொன்னியின் செல்வன்' இல்லை. கரிகாலன் சாகத்தான் போகிறான் என்று அறிந்துகொண்டே கடம்பூர் மாளிகைக்குள் அவனோடு நுழைந்தவர்கள் நாம். ஆகவே, ஜப்பானியப் பிள்ளைகள் செய்வதை நம் பாட்டிமார் 1950 முதல் வாரம்தோறும் 'கல்கி' இதழ் கையில் வந்ததும் செய்தார்கள். தெரிவுப் பொத்தான் மட்டும்தான் இல்லை. குந்தவையா, வானதியா, பூங்குழலியா என்று வீட்டுக்குள் நடந்த வாக்குவாதங்களை எண்ணிப்பார்த்தால், அதுவும் ஒருவகையில் இருந்தது.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கல்கி எழுதியது வென்றவர்களின் கதை. சோழர் வெல்வார்கள், பெரிய கோயில் எழும், கப்பல்கள் கடாரம் போகும். 'ஹகுவோகி' எழுதியது தோற்றவர்களின் கதை. தோற்றவர் கதை காதல் கதையாவதற்குக் காலம் எடுக்கும். ஜப்பானில் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஷோகனை வென்ற மெய்ஜிச் சக்கரவர்த்தியின் அரசு, தன் தரப்பில் இறந்தவர்களுக்காக 1869 இல் டோக்கியோவில் ஓர் ஆலயம் எழுப்பியது. இன்று யசுகுனி என்று உலகம் அறிந்த ஆலயம் அதுதான். எதிர்த்தரப்பில் இறந்த அய்சு வீரருக்கோ ஷின்செங்குமிக்கோ அங்கே இடமில்லை. அரசுக்கு எதிராக வாளெடுத்த கொலைக் கும்பல் என்பதே அவர்களுடைய பெயர். 1876 இல், பிழைத்திருந்த தோழர் நகாகுரா ஷின்பாச்சி, கொந்தோ கொல்லப்பட்ட இதாபாஷியில் அவருக்கும் ஹிஜிகதாவுக்கும் ஒரு நினைவுக்கல் நாட்டினார். அதற்குத் துணைநின்றவர் மத்சுமோத்தோ ரியோஜுன் என்ற வைத்தியர். சிசுரு கியோத்தோவுக்கு வந்ததும் தகப்பனின் நண்பர் என்று தேடிப்போவது இந்த வைத்தியரைத்தான். கதைக்குள் அவரைக் கொண்டுவந்தவர்கள் சும்மா கொண்டுவரவில்லை.

நகாகுரா வயோதிபராகி, 1913 இல் ஒதாரு நகரப் பத்திரிகையில் தன் நினைவுகளைச் சொன்னார். 1928 இல் ஷிமோசாவா கான் என்ற எழுத்தாளர் பழையவர்களைத் தேடித்தேடிக் கேட்டு ஷின்செங்குமி பற்றி ஒரு நூல் எழுதினார். 1962 இல் ஷிபா ரியோதாரோ ஹிஜிகதாவை நாயகனாக்கி 'மொயேயோ கென்' என்ற தொடர்கதையைத் தொடங்கினார். 2004 இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி ஷின்செங்குமியின் கதையை ஒரு வருடத் தொடராக ஒளிபரப்பியது. அதற்கு நான்கு வருடம் கழித்து வந்தது இந்தக் காதல் விளையாட்டு. நினைவுக்கல், வாய்மொழி, நூல், நாவல், தொலைக்காட்சி, கடைசியாகக் காதல். கொடியோடு புதைக்கப்பட்டவர்கள் இளம்பெண்களின் கனவில் எழுந்துவர நூற்று நாற்பது வருடம் ஆனது.

தோல்வி, இடப்பெயர்வு, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்தல், இறந்தவரை எங்கே நினைப்பது என்ற கேள்வி. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் இவற்றை விளக்க வேண்டியதில்லை. விளக்காமலே அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

முன்வரிசைச் சந்தேகத்துக்கு இப்போது வருவோம். இவர்களைக் காதலிக்கலாமா? ஷின்செங்குமி கொலைப்படையும்தான். 1864 ஜூலையில், ஆரம்பத்தில் நான் சொன்ன அந்த இகெதாயா சத்திரத் தாக்குதலுக்கு முன் ஃபுருதகா ஷுந்தாரோ என்பவரைப் பிடித்துச் சித்திரவதை செய்துதான் தகவல் பெற்றார்கள். பாதத்தில் ஆணியடித்து அதன்மேல் எரியும் மெழுகுதிரியை வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. செய்தவர் என்று சொல்லப்படுபவர் ஹிஜிகதா, அதாவது அட்டைப்படத்து நாயகர். சொந்தத் தலைவர்களில் ஒருவரான செரிசாவா கமோவை 1863 இல் நித்திரையில் வெட்டினார்கள். படையைவிட்டு விலக முயன்றவருக்கு மரணம் என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தால் 1865 இல் தம்மோடு ஆரம்பம் முதல் இருந்த யமனாமி கெய்சுகேயை வயிற்றைக் கிழித்துச் சாகவைத்தார்கள்.

விளையாட்டு இதை எப்படிக் கையாள்கிறது? இங்கே அதன் கெட்டித்தனமும் கள்ளத்தனமும் ஒன்றாகத் தெரிகின்றன. கதையில் ஒரு மருந்து இருக்கிறது. குடித்தவருக்கு அசுர பலம் வரும், காயம் உடனே ஆறும், ஆனால் இரத்தவெறி பிடிக்கும், ஆயுள் கரையும். யமனாமி கையில் காயம்பட்டு வாளேந்த முடியாமல் அந்த மருந்தைக் குடிக்கிறார். உலகத்துக்கு அவர் இறந்துவிட்டதாக அறிவித்து ஒளித்துவைக்கிறார்கள். அதாவது, தோழர்கள் தோழனுக்கு விதித்த மரணம் கதையில் ஒரு நாடகமாகிவிடுகிறது. பழி சட்டத்தில் இருந்து மருந்துக்கு மாறுகிறது. மனிதர் செய்ததை இரசம் செய்ததாக்கினால் நாயகரைக் காதலிப்பது இலகு.

அதே மருந்து இன்னொன்றையும் செய்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் தரப்பு வெல்வதற்காகத் தன் பிள்ளைகளையே மனிதரல்லாதவராக்கும்; ஆக்கியபின் அவர்களை மறைத்துவைக்கும். இப்படி ஓர் உண்மையை வரலாற்றுப் பாடநூல் இவ்வளவு நேராகச் சொல்லாது. பனிவிழும் காதல் காட்சிக்கு நடுவே இந்தக் கதை அதைச் சொல்கிறது. ஒரே உத்தி குற்றத்தை மூடவும் செய்கிறது, திறக்கவும் செய்கிறது. நம் பிள்ளைகள் இரண்டையும் காணப் பழகவேண்டும். அதற்குத் தடைபோடுவதால் பயனில்லை. பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும்: "இவர் ஆரைக் கொன்றவர் எண்டு உனக்குத் தெரியுமோ? கதையில அது எங்க போச்சு?"

சிசுருவைப் பற்றியும் என்னிடம் குறை உண்டு. அவளிடம் குறுவாள் இருக்கிறது, வாள்பயிற்சி பெற்றவள் என்று சொல்லப்படுகிறாள். ஆனால் அதை உருவும் தருணங்கள் மிகக் குறைவு. தேநீர் கொண்டுவருகிறாள், காயத்துக்குக் கட்டுப்போடுகிறாள், மருந்தால் துடிப்பவருக்குத் தன் இரத்தத்தைக் கொடுக்கிறாள். அதே அய்சுவில் நகானோ தகேகோ என்ற பெண் நீண்ட கைப்பிடி வாளோடு பெண்கள் அணியை நடத்திப் போர்க்களத்தில் இறந்தாள். அந்த மண்ணில் நின்றுகொண்டு நாயகி தேநீர்த்தட்டை ஏந்துவது உறுத்துகிறது. என் பெறாமகள் இதற்கு ஒரு பதில் சொன்னாள்: "அன்ரி, அவ பார்க்கிறதுக்காகத்தான் அங்க இருக்கிறா. அவ பார்க்காட்டி அவங்கள் எப்பிடி இருந்தவங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது." அந்தப் பதிலை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் தூக்கிப்போடவும் முடியவில்லை. தோற்றவர்களின் கடைசி நாட்களுக்குச் சாட்சி என்பதும் ஒரு வேலைதான். அந்த வேலையைப் பல நாடுகளில் பெண்கள்தான் செய்திருக்கிறார்கள்.

ஜப்பானைப் பேசிவிட்டோம். நமக்கு என்ன? இங்கே இருக்கும் இளைஞரிடம் ஒரு யோசனையை முன்வைக்கிறேன்.

தெலுங்கு வம்சத்தில் பிறந்து, தமிழும் புழங்கிய அரண்மனையில் வாழ்ந்து, சிங்கள மக்களை ஆண்ட கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இளமைப் பெயர் கண்ணுசாமி. 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி மெதமகாநுவரவில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். கொழும்புக் கோட்டையில் அவனை அடைத்துவைத்த அறை என்று ஒரு சிறு கட்டடத்தை இன்றும் காட்டுகிறார்கள். 1816 ஜனவரியில் கொழும்பில் இருந்து கப்பலேற்றிச் சென்னைக்கும், பிறகு வேலூருக்கும் கொண்டுபோனார்கள். 1832 இல் வேலூரிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அவனுடைய சிம்மாசனம் 1934 இல் இங்கிலாந்தில் இருந்து திரும்பி வந்து, இங்கிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாத்திரங்களுக்குக் குறைவில்லை. சிங்களம் நன்கறிந்து, ஒற்றர்வலை விரித்து, நாட்குறிப்பும் எழுதிவைத்த ஆங்கிலேயர் ஜோன் டொயிலி இருக்கிறார். கட்சி மாறிய அதிகாரி எஹலப்பொல இருக்கிறார். அரசனோடு ஓடிய அரசிகள் இருக்கிறார்கள். பெயர் பதியப்படாத பணிப்பெண்களும் மொழிபெயர்ப்பாளரும் காவலரும் இருந்திருப்பார்கள். மதுரையில் இருந்து உறவினரைத் தேடிக் கண்டிக்கு வந்த ஒரு பெண்ணை நீங்கள் கற்பனை செய்யலாம். அவளுடைய ஜன்னல்களை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் கெட்டித்தனம்.

கருவிக்கும் தடையில்லை. ரென்பை என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. உலகில் சிறு குழுக்கள் செய்யும் விசுவல் நாவல்கள் பல அதில் உருவாகின்றன. கொம்பும் காலும் இடம்மாறித் தமிழ் எழுத்து உடைந்து தெரியும் தொல்லை முன்பு இருந்தது. அண்மைய பதிப்புகளில் அதற்கும் வழி வந்துவிட்டது. ஒருவர் எழுதினால், ஒருவர் வரைந்தால், வானொலி நாடகம் கண்ட இந்த நகரத்தில் குரல் கொடுக்க ஆளில்லாமல் போகாது.

ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். 1814 இல் எஹலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கண்டியில் கொன்றது இதே அரசனின் ஆணை. அண்ணன் பயந்து பின்வாங்க, தான் முன்னால் போய்த் தலைகொடுத்த சிறுவன் மத்தும பண்டாரவின் கதை சிங்களப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அரசனின் கொடுமைகளை ஆங்கிலேயர் தம் தேவைக்காக ஊதிப்பெருக்கினார்கள் என்ற வாதமும் உண்டு. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017 இல் அந்த அரசனைப் பற்றி ஒரு நூலே எழுதி அந்தப் பழியை மறுவிசாரணை செய்தார். இரண்டையும் வாசியுங்கள். வாசித்தபின், அந்தக் கொலைக்களத்தைக் கதையில் இருந்து வெட்டிவிடவும் வேண்டாம், ஒரு மாய மருந்தின் தலையில் போடவும் வேண்டாம். நாயகி அரசன் பக்கத்தில் நிற்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளை இழுத்துப்போகும் தெருவில் அவளும் இருக்கட்டும். 'பார்ப்பேன்', 'முகத்தைத் திருப்புவேன்' என்று இரண்டு தெரிவுகளைத் திரையில் வையுங்கள். எதைத் தொட்டாலும் பிள்ளைகள் பிழைக்கமாட்டார்கள். தொட்டவருக்குத் தான் எப்படிப்பட்டவர் என்று தெரியவரும்.

தமிழரும் சிங்களவரும் தனித்தனியே ஆளுக்கொரு முடிவு எழுதி வைத்திருக்கும் கதை இது. ஒரே படைப்புக்குள் பல முடிவுகளை வைக்கக்கூடிய வடிவம் நம் பிள்ளைகளின் மடிக்கணினியில் சும்மா கிடக்கிறது. நான் காதலுக்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. காதல் இருந்தால் ஆட்கள் கடைசிவரை வாசிப்பார்கள் என்பதற்காகப் பரிந்துரைக்கிறேன்.

முன்வரிசையில் இன்னும் சந்தேகம் மிச்சம் இருந்தால் கேள்வி நேரத்தில் கேளுங்கள். பின்வரிசையில் போனும் கையுமாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் என்னைவிட நல்ல பதில் இருக்கும். அவர்களை மேடைக்கு அழைத்துவிட்டு நான் அமர்கிறேன்.